மூன்று கால் காவலாளிக்கும் பசி உண்டு

சங்க மலரில் இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு மின்னணுச் சங்கதியா என்று அன்பர்கள் நினைக்கலாம். நம்ம வீட்டுப் பிள்ளைகள் பள்ளி ப்ராஜெக்டுக்கு வாங்கிவரும் பொருளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பெயர் 78எல்05. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தலை, மூன்று கால்.

இதன் வேலை எளிது. 7 முதல் 20 வோல்ட் வரை எது கொடுத்தாலும், வெளியே சீராக 5 வோல்ட் தரும். பெயரிலுள்ள 'எல்' குறைந்த மின்னோட்டத்தைக் குறிப்பது; உச்ச அளவு 100 மில்லி ஆம்பியர். தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால், இடதுகால் வெளியீடு, நடுக்கால் பூமி, வலதுகால் உள்ளீடு. இதன் அண்ணன் 7805-க்கு இது நேர் தலைகீழ். அண்ணனைப் பழகியவர்கள் தம்பியிடம் ஏமாறுவது இங்கேதான். உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைக் கால்களுக்கு ஒட்டியே வைக்க வேண்டும்.

இனி கணக்கு. கூடுதல் வோல்டேஜ் எங்கே போகிறது? வெப்பமாகப் போகிறது. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 80 மில்லி ஆம்பியர் எடுத்தால், 7 வோல்ட் இதன் தலையில் விழுகிறது. 7 பெருக்கல் 0.08, அதாவது 0.56 வாட். ஒரு வாட்டுக்குச் சுமார் 180 டிகிரி சூடேறும் பொருள் இது. ஆக 100 டிகிரி உயரும். டெல்லி மே மாத வெயில் 45-ஐயும் கூட்டினால் 145. உள்ளே தாங்கும் அளவோ 125. சிப் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைக் குறைத்துவிடலாம். 100 மில்லி ஆம்பியர்னு போட்டிருக்கே என்றால், அது எந்த நிலைமையிலும் கிடைக்கும் என்று பொருளல்ல.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு மகன் ஒரு அழைப்பு மணி செய்கிறான் என்று வையுங்கள். 9 வோல்ட் பேட்டரி, 78எல்05, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். பட்டன் அழுத்தும்வரை மைக்ரோகன்ட்ரோலர் தூங்கும். மின்சாரமே செலவில்லை என்று தோன்றும். ஆனால் ரெகுலேட்டர் தூங்குவதில்லை. சும்மா இருக்கவே சுமார் 3 மில்லி ஆம்பியர் தின்னும். அந்த அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பார்த்தால் 166 மணி நேரம், ஒரு வாரம்கூட முழுசா இல்லை. பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினாலே 5 வோல்ட் ஆட்டம் காணும் என்பதால் அதற்கு முன்பேகூட நின்றுவிடலாம். எட்டாம் நாள் ராத்திரி பெரியவர் பட்டனை அழுத்தினால் மணி அடிக்காது.

இந்த இடத்துக்கு எல்பி2950 என்ற ரெகுலேட்டரின் 5 வோல்ட் வகை பொருத்தம். கால் வரிசை அதேதான். சும்மா இருக்கையில் சுமார் 0.075 மில்லி ஆம்பியர்தான். ரெகுலேட்டர் தின்பதை மட்டும் கணக்கிட்டால் அதே பேட்டரி மாதக்கணக்கில் வரும். வெளியீட்டில் மட்டும் 1 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையாத கெபாசிட்டர் வேண்டும்.

அதற்காக 78எல்05 மட்டமான சரக்கு இல்லை. சுவர் பிளக்கில் ஓடும் சின்னச் சர்க்யூட்டுக்கு 3 மில்லி ஆம்பியர் பொருட்டே அல்ல. பேட்டரியில் ஓடுவதற்கு மட்டும் வேறு ஆள் பாருங்கள். சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் இந்த இரண்டு பெருக்கலையும் ஒரு வகுத்தலையும் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.