"நடங்கம்மா" என்று சொன்ன பிறகு

சுகர், பிரஷர், முட்டிவலி. ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதைத் தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனை வரிசையில் நின்றாலும் கேட்கலாம். உள்ளே டாக்டருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். மாத்திரையை எழுதிக்கொண்டே சொல்வார்: "நல்லா நடங்கம்மா. அரிசியைக் குறைங்க." அந்த அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார்: "காலையே ஊன முடியலைங்கிறேன், நடக்கச் சொல்றாரு. அரிசியை விட்டா வீட்டுல வேற என்ன இருக்கு?"

இருவர் சொல்வதும் உண்மைதான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்கள் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். இத்தனை பேருக்கும் உடற்பயிற்சியும் உணவும் மாத்திரையைப் போலவே தேவையான மருந்து என்பதில் மருத்துவ உலகில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று எழுதித் தருகிறவர்கள், இந்த மருந்துக்கு மட்டும் அளவும் சொல்வதில்லை, நேரமும் சொல்வதில்லை. அதனால்தான் பெரும்பாலானோர் தொடங்குவதே இல்லை. தொடங்குகிறவர்களும் முதல் வாரமே அளவுக்கு மீறிச் செய்து, வலி வந்து, "நமக்கு இது ஒத்துக்காது" என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் முட்டி. முட்டி வலிப்பவர் நடையிலிருந்து தொடங்க வேண்டியதே இல்லை, நாற்காலியிலிருந்து தொடங்கலாம். கை வைத்த, ஆடாத நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் முதுகுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மெல்ல நீட்டி, விரல்களை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடித்தால் தொடையின் மேல்பக்கத் தசை இறுகுவது கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து இறக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகவே போய் வரும். ஒரு காலுக்கு எட்டு முறை, மறு காலுக்கு எட்டு முறை.

அடுத்தது, எழுந்து உட்காருவது. நாற்காலியின் நுனிக்கு வந்து, பாதங்களைச் சற்றே உள்ளே இழுத்து வைத்து, உடம்பை முன்னே சாய்த்து எழ வேண்டும். கை ஊன்றினால்தான் எழ முடியும் என்றால் ஊன்றியே எழலாம். எழுவதைவிட முக்கியம், தொப்பென்று விழாமல் மெல்ல உட்காருவது. தசை அங்கேயும் வேலை செய்கிறது. முதல் வாரத்துக்கு ஐந்து முறை போதும்.

இது முட்டிக்கான பயிற்சி மட்டுமில்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும், ரத்தத்திலிருந்து சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும். முட்டி வலிக்கிறதென்று உட்கார்ந்தே இருந்தால் தொடை மெலிகிறது. தொடை மெலிந்தால் மூட்டைத் தாங்கும் பலம் போகிறது, சர்க்கரை போய்ச் சேரும் இடமும் சுருங்குகிறது. ஐந்து முறை எழுந்து உட்காருவது இந்த இரண்டு நோய்க்கும் ஒருசேரச் செய்யும் வைத்தியம்.

செய்யும்போது வலித்தால்? மூட்டுத் தேய்மானத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வலியே இல்லாததைப் பூஜ்யம் என்றும் தாங்க முடியாத வலியைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், ஐந்துவரை போகலாம்; மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்க்கும்வரை காத்திருங்கள். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் 2005-ல் செய்த ஆய்வு ஒன்று, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று காட்டியது. இரண்டு கிலோ குறைத்துவிட்டு "இதனால் என்ன ஆகிவிடப் போகிறது" என்று சலித்துக்கொள்ளும் அம்மாக்களிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

தொடை கொஞ்சம் தேறிய பிறகு நடை. இங்கே பத்தாயிரம் அடி என்ற பூதத்தை முதலில் விரட்டியாக வேண்டும். மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் தினமும் "இன்னும் ஏழாயிரம் பாக்கி" என்று காட்டுவதைப் பார்த்தே மனம் விட்டுப்போனவர்கள் உண்டு. அந்த எண் எந்த ஆராய்ச்சியிலிருந்தும் பிறக்கவில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட நோயாளிகளுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அது எட்டாதவர்கள் முடிந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், அதற்கும் பலன் உண்டு என்றும் சேர்த்தே சொல்கிறது.

எப்போது நடப்பது? நம் ஊரில் வாக்கிங் என்றாலே விடிகாலை ஐந்தரை மணி, ஷூ, பார்க். அது ஓய்வு பெற்ற ஆண்களின் நேரம். ஐந்தரைக்கு இந்த அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். எட்டரை மணிவரை அடுப்படியை விட்டு நகர முடியாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு அவருக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களை, தினம் ஏதாவது ஒரு நேரத்தில் மொத்தமாக 30 நிமிடம் நடக்க வைத்தார்கள். பிறகு அதே ஆட்களை மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடமாக நடக்க வைத்தார்கள். இரண்டாவது முறையில் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் 22 சதவீதம். காரணம் எளிது. சர்க்கரை ரத்தத்துக்கு வரும் அதே நேரத்தில் தசையும் வேலை செய்கிறது. இதற்கு ஷூ மாட்டிக்கொண்டு பார்க்குக்குப் போக வேண்டாம். மொட்டை மாடி போதும், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போதும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அவ்வளவுதான்.

பார்க்குக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்து, வெறுங்காலோடு நடக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் சர்க்கரையோடு இருந்தவரின் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அப்படி மங்கியிருந்தால் கல் குத்துவது அவருக்குத் தெரியாது, கொப்புளம் புண்ணாவதும் தெரியாது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து பாதத்தில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்து அலறியவர்கள் எத்தனையோ பேர். விரலை இழக்கும் கதைகள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. உணர்ச்சி குறைந்த கால்களுக்கு மெத்தென்ற ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு வேண்டும், வீட்டுக்குள்ளும். படுக்கப் போகும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் யாராவது பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

லோ சுகர் பற்றியும் தெரிந்துகொள்ளாமல் தொடங்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்தப் பயம் அனேகமாக இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் நடையைக் கூட்டி, சோற்றையும் ஒரேயடியாகக் குறைத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். செவ்வாய், வெள்ளி விரதத்தன்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது அதைவிட ஆபத்து. கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிரஷருக்காக அட்டெனலால், மெட்டோபிரலால் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். அவர்களுக்கு வியர்வைதான் எச்சரிக்கை. பிரஷர் 180/110-க்கு மேல் இருக்கும் நாளிலும், காய்ச்சல் அடிக்கும் நாளிலும் பயிற்சி வேண்டாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, "வாயுவா இருக்கும்" என்று தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். "அரிசியை நிறுத்தினேன், மூணு சப்பாத்திதான்" என்பார்கள். உடன் உருளைக்கிழங்கு குருமா. இல்லையென்றால் "காலையில கேழ்வரகுக் கஞ்சி" என்பார்கள், ஒரு சொம்பு. மாவாக அரைத்து, நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி வயிற்றில் நிற்காமல் வெகு வேகமாகச் சர்க்கரையாகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே இண்டியாப் ஆய்வுக் குழு 2025-ல் வெளியிட்டது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் அதில் உண்டு. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தை வைத்தவர்களிடம் அபாயம் குறைந்திருந்தது.

ஆகவே சோற்றை விரட்ட வேண்டாம், அதன் இடத்தைச் சுருக்குங்கள். நம் சாப்பாட்டில் குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று முறை சோறு வருகிறது. பொரியல் மட்டும் தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி. வரிசையைத் திருப்பிப் போடலாம். தட்டில் முதலில் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் அல்லது முருங்கைக்கீரை, கூடவே ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது ஒரு முட்டை அல்லது இரண்டு மத்தி மீன். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சோறு. நியூயார்க்கில் 2015-ல், 11 பேரிடம் மட்டும் செய்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டபோது ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அதே சாப்பாடு, அதே அளவு. பசி அடங்கிய பிறகு சோறு தானாகவே குறைவதை வீட்டிலேயே பார்க்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் வரும் நாளில் பிரஷர் மாத்திரை தோற்றுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் கீரை, இளநீர், பயறு, சோடியம் குறைந்த உப்பு எதையும் தாமாகக் கூட்டக் கூடாது. பொட்டாசியமும் புரதமும் அவர்களுக்கு வேறு கணக்கு.

இந்த மூன்று நோய்களையும் சுமக்கும் அம்மாதான் அந்த வீட்டின் சமையல்காரரும். தனக்கென்று தனியாக ஒரு கிண்ணம் சுண்டல் அவிக்க அவருக்குக் கை வராது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவார்; மிஞ்சுவது எப்போதும் சோறு, காய் அல்ல. காலை இட்லியில் இரண்டு மிஞ்சினால் "வீணாப் போகுதே" என்று அதுவும் அவர் வயிற்றுக்குத்தான். சீரியல் முடிந்து ஒன்பதரைக்குப் பரிமாறி, பத்து மணிக்குத் தான் உட்கார்ந்து, பதினொன்றுக்குப் படுப்பவரிடம் போய், சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள் என்றால் அவர் எப்போது பாத்திரம் கழுவுவார்? டாக்டர் எழுதும் சீட்டு அவர் பெயரில் இருந்தாலும், அதில் பாதி வேலை வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கானது. ஏழரைக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார வேண்டும். அதே பொரியல், அதே சுண்டல் எல்லோர் தட்டிலும் முதலில் விழ வேண்டும். அப்பாவோ மகனோ மருமகளோ பாத்திரத்தை எடுத்துக்கொள்ள, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. பல வீடுகளில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போய், இருக்கும் இரண்டு நிமிடத்தில் கேளுங்கள்: இந்த மாத்திரைகளில் எது லோ சுகர் கொண்டுவரும்? நடக்கத் தொடங்கினால் அதன் அளவை மாற்ற வேண்டுமா? பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தாயிற்றா, கண்ணின் விழித்திரையைப் பார்த்தாயிற்றா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் அதைக் கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும் நாளில், சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் அம்மா எப்படி எழுந்து உட்காருகிறார் என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பாதம் இருக்கும் இடத்தையும் முட்டி சாயும் கோணத்தையும் அவர் திருத்திக் கொடுத்தால் வலி குறையவும் வாய்ப்பிருக்கிறது.