நீர் வழி – 9: குளம் நிறைந்தது, மேய்ச்சல் போனது

கரிபா அணையில் நீர் ஏறியபோது தீவுகளில் சிக்கிய 6,000-க்கும் மேற்பட்ட விலங்குகளைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரக் கதையில் வெள்ளமும் இல்லை, படகும் இல்லை. ஒரு குளம் கோடையில் வற்ற மறுத்தது. சேதம் அதிலிருந்து தொடங்கியது.

இலங்கையின் பொலன்னறுவை மாவட்டத்தில் இருக்கிறது மின்னேரியாக் குளம். மகாசேன மன்னன் கட்டி ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆகின்றன. அம்பன் கங்கையின் நீரை எலஹெரவில் திருப்பி, நீண்ட வாய்க்கால் வழியே இங்கே கொண்டுவந்தார்கள். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பும். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க, ஆடி, ஆவணியில் நீர் உள்வாங்கும். நீர் விலகிய ஈரத் தரையெங்கும் புல் முளைக்கும். சுற்றியுள்ள காடு காய்ந்து சருகாகக் கிடக்கும் அதே நேரத்தில் இங்கே மட்டும் பசுமை. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். அதனால்தான் குட்டிகளோடு கூட்டம் கூட்டமாக வந்து, நல்ல ஆண்டில் 300 யானைகள் வரை இந்தக் குளத்துப் படுகையில் மேய்ந்தன. ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்திரளாகக் கூடும் இடம் உலகில் வேறில்லை என்பார்கள். 1997-இல் இது தேசியப் பூங்கா ஆனது.

கவனியுங்கள், அந்த மேய்ச்சல் நிலம் இயற்கை தந்ததல்ல, பாசனம் தந்தது. நீர்ப்பாசனம் என்றாலே காட்டுயிருக்குப் பகை என்று பேசுபவர்கள் ஒருமுறை மின்னேரியாவுக்குப் போய்வர வேண்டும். குளம் நிரம்புவதும் வற்றுவதும் உழவர் கணக்கில் நடந்தன. யானை அந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டது.

எலஹெரவுக்கு மேலே, அதே அம்பன் கங்கையில், மொரகஹகந்த அணை 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. வறண்ட மாவட்டங்களில் இரண்டு போகமும் தவறாமல் விளைய வேண்டும். சிறுநீரக நோய் வாட்டும் ஊர்களுக்கு நல்ல குடிநீர் வேண்டும். ஆனால் மேலிருந்து கோடையிலும் நீர் வந்துகொண்டிருந்ததால், யானைகள் கூடும் மாதங்களிலேயே மின்னேரியா நிறைந்து நின்ற ஆண்டுகள் வந்தன. புல்வெளி தண்ணீருக்கு அடியில் போனது. வந்த யானைகள் மெலிந்திருந்தன, கூட்டமும் சிறுத்தது என்று சுமித் பிலபிட்டிய போன்ற யானை ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். சில கூட்டங்கள் பக்கத்துக் கவுடுல்லக் குளத்துக்கு நகர்ந்தன. பசித்த யானைக்கு இன்னொரு வழியும் தெரியும்: வயல்.

திட்டம் தீட்டுபவர்கள் காட்டுயிருக்கு நிலத்தை அளந்து கொடுப்பார்கள். 1980-களில் மகாவலி ஆற்றுப் பாசனத் திட்டத்தை விரைவுபடுத்தியபோது மாதுறு ஓயா, வஸ்கமுவ, சோமாவதிய என்று பூங்காக்களை வரிசையாக அறிவித்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்தான். இருந்தும் இலங்கை யானைகள் உலவும் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு பூங்காக்களுக்கு வெளியே இருக்கிறது. பல இடங்களில் மின்வேலி போட்டது காட்டுக்கும் ஊருக்கும் நடுவே அல்ல, ஒரு திணைக்களத்தின் காட்டுக்கும் இன்னொரு திணைக்களத்தின் காட்டுக்கும் நடுவே. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை! 2023-இல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. யானைகள் தாக்கி மனித உயிர்களும் நூற்றுக்கு மேல் போயின.

நிலத்தை அளந்தவர்கள் தண்ணீரின் காலத்தை அளக்கவில்லை என்பதே என் குறை. மின்னேரியாவுக்கு மருந்து கான்கிரீட்டில் இல்லை, மதகுக் கதவில் இருக்கிறது. முன்பு அம்பன் கங்கையில் நீர் வந்தபோது பிடித்தால்தான் உண்டு. இப்போது மேலே பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வயலுக்கு வேண்டிய அளவை மட்டும் கீழே விட்டு, மிச்சத்தை மொரகஹகந்தவிலேயே வைத்திருக்கலாம். அக்டோபருக்குப் பிறகு குளத்தை நிரப்பிக்கொள்ளலாம். யானைக்கு ஊறு செய்த அதே அணையால்தான் இதைச் செய்யவும் முடியும்.

இதைக் கேட்கும் உழவர் உடனே தலையாட்ட மாட்டார். மழை பொய்த்தால் யார் பொறுப்பு என்று கேட்பார், நியாயமான கேள்வி. மேலே நிறுத்திவைக்கும் நீர் உங்கள் வயலுக்கு உரியதுதான் என்று எழுத்தில் உறுதி தராமல் அவரிடம் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது. போகம் தொடங்கும் முன் நீர்ப்பங்கீட்டை முடிவுசெய்யும் கூட்டத்தில் உழவரும் நீர்ப்பாசன அதிகாரியும் உட்காருகிறார்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும். வேடிக்கை பார்க்க அல்ல, நீர்மட்டம் இத்தனை அடிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தோடு.