மைனர் கணக்கு

தில்லிப் பல்கலைக்கழகத்தில் மேஜரோடு இன்னொரு துறையிலும் பெயர் வாங்கலாம். ஆனால் முதல் செமஸ்டரிலேயே எண்ணத் தொடங்க வேண்டும்.

வரலாறு ஹானர்ஸ் படிக்க வரும் மாணவிக்கு அரசியல் விஞ்ஞானத்திலும் ஆசை இருக்கலாம். முன்பு அந்த ஆசை சில தாள்களோடு முடிந்துவிடும். தில்லிப் பல்கலைக்கழகம் 2022-ல் கொண்டுவந்த நான்காண்டுப் பாடத்திட்டம் அதற்கு ஒரு அந்தஸ்து கொடுத்தது: வரலாறு மேஜர், அரசியல் விஞ்ஞானம் மைனர்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு 'அல்லைடு' பாடம் நினைவுக்கு வரும். ஆனால் இயற்பியலுக்குக் கணிதம் என்பதுபோல, அல்லைடு எது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்துவிடும். மைனரைத் தேர்வு செய்வது மாணவர். கணக்குத் தவறினால் நஷ்டமும் அவருக்கே.

விதி எளிமையானதுதான். மேஜர் அல்லாத ஒரு துறையில் ஏழு 'ஜெனரிக் எலெக்டிவ்' தாள்கள் தேற வேண்டும். தாளுக்கு 4 கிரெடிட் வீதம் மொத்தம் 28. எட்டாம் செமஸ்டர் முடிவில் மைனர் கைக்கு வரும்.

சிக்கல் எங்கே? முதல் இரண்டு செமஸ்டர்களில் தலா ஒரு ஜெனரிக் எலெக்டிவ். மூன்றிலும் நான்கிலும் அதை எடுக்கலாம், அல்லது மேஜர் துறையின் விருப்பத் தாளை எடுக்கலாம். ஐந்திலும் ஆறிலும் மறுபடி தலா ஒன்று. ஆக, அத்தனை வாய்ப்பையும் ஒரே துறையில் செலவழித்தாலும் மூன்றாண்டு முடிவில் கையில் இருப்பது ஆறு தாள்தான். ஏழாவது தாள் நான்காம் ஆண்டில்தான் கிடைக்கும். மூன்றாண்டோடு கிளம்புகிறவருக்குப் பட்டம் உண்டு, மைனர் கிடையாது.

கடைசி இரண்டு செமஸ்டர்களில் தலா இரண்டு வரை எடுக்கலாம் என்பதால் மொத்த வாய்ப்பு பத்து. முதலில் உளவியல், பிறகு தத்துவம், அப்புறம் புவியியல் என்று ருசி பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதன்பின் மீதி ஏழும் ஒரே துறையில் பிசகாமல் விழ வேண்டும். அதற்கும் தடைகள் உண்டு. எல்லாக் கல்லூரியும் எல்லாத் துறைத் தாள்களையும் நடத்துவதில்லை. இடங்களுக்கு வரம்பு உண்டு. சில தாள்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டும். எனவே விரும்பும் துறை அதே கல்லூரியில் ஹானர்ஸ் நடத்துகிறதா, அடுத்தடுத்த செமஸ்டர்களில் என்னென்ன தாள்கள் வரும் என்று சேரும்போதே விசாரிப்பது புத்திசாலித்தனம்.

மற்ற இடங்களில் கணக்கு வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பொது வரைவு மூன்றாண்டுப் படிப்பிலேயே மைனருக்கு 24 கிரெடிட் ஒதுக்குகிறது. நான்காண்டு என்றால் 32. எந்த மைனர் என்பதை இரண்டாம் செமஸ்டர் முடிவில் சொன்னால் போதும். பொறியியலில் மைனர் கூடுதல் சுமை. ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட். மைனருக்கு அதன் மேல் 20. தில்லி ஹானர்ஸில் மைனர் பட்டத்துக்குள்ளேயே அடக்கம்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? முதுகலைப் படிப்புக்காக மானியக் குழு 2024-ல் வெளியிட்ட வரைவில் பதில் இருக்கிறது. மேஜர் துறையில் மட்டுமல்ல, மைனர் துறையிலும் முதுகலை படிக்கத் தகுதி உண்டு என்கிறது அது. வரலாறு மாணவி அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. சேரலாம். மைனர் இல்லாதவர்கள் நுழைவுத் தேர்வு எழுதித் துறை மாறவும் அதில் வழி உண்டு. ஆனால் ஏழு தாள் படித்துவிட்டு எழுதுவதும் வெறுங்கையோடு எழுதுவதும் ஒன்றல்ல.

தில்லியில் நான்காண்டுத் திட்டத்துக்கு இது இரண்டாவது பிறவி. 2013-ல் தொடங்கிய முதல் திட்டத்திலும் இரண்டாவது துறைக்கு இடம் இருந்தது. 2014 ஜூனில் அது கைவிடப்பட்டது. இம்முறை திட்டம் தாக்குப்பிடித்து, 2022-ல் சேர்ந்தவர்கள் 2025-ல் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்தார்கள்.

பக்கத்து நண்பர் எதை எடுக்கிறார் என்று பார்த்து எலெக்டிவ் கட்டத்தை நிரப்புவது மாணவர்களின் பழைய வழக்கம். இனி நிரப்பும் முன் ஏழு வரை எண்ணிக்கொள்வது நல்லது.