வேலைக்கான லேப்டாப்பில் எந்த உபுண்டு?

வேலை பார்க்கும் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸை நிறுவத் துணிந்தவர்களுக்கு முதல் குழப்பம் பதிப்பு எண்ணில்தான் வரும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துப் பலர் புதியதையே எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்கான கணினியில் பார்க்க வேண்டியது வேறு: அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும்?

எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கின்றன. 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது மட்டும் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். உபுண்டு ப்ரோ என்ற சந்தாவில் பதிவு செய்தால் 10 ஆண்டுகள். சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். இடைக்காலப் பதிப்புகள் எனப்படும் மற்றவற்றுக்கோ 9 மாதம்தான்.

அந்த 9 மாதத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 அக்டோபரில் வந்த 24.10-க்கு 2025 ஜூலையிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குள் 25.04-க்கு மாற வேண்டியிருந்தது. அதுவும் 2026 ஜனவரியில் முடிந்ததால் மறுபடி 25.10-க்கு. அடுத்த எல்டிஎஸ் வரும்வரை இந்த ஓட்டம் நிற்காது. நடுவில் மனம் மாறிப் பழைய எல்டிஎஸ்ஸுக்குத் திரும்ப நினைத்தால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதுதான் வழி. கெடுவைத் தவறவிட்டால் திருத்தங்கள் நின்றுபோகும். மென்பொருள் களஞ்சியமும் பழையவற்றுக்கான சர்வருக்குப் போய்விடும் என்பதால், அவசரத்துக்கு ஒரு மென்பொருளை நிறுவப் போனால் பிழைச் செய்திதான் வரும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டியவருக்கு இந்தத் தொல்லை எதற்கு?

எல்டிஎஸ் பழசாகிவிடும் என்ற பயம் பாதிதான் சரி. புதிய வன்பொருளுக்கான கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதற்கும் அவ்வப்போது வருகிறது. 2025 பிப்ரவரியில் வந்த 24.04.2, 24.10-இன் 6.11 கெர்னலையே கொண்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸும் ஸ்னாப் என்ற தொகுப்பு முறை வழியாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, சந்தைக்கு வந்து சில வாரமே ஆன லேப்டாப்பில் எல்டிஎஸ்ஸின் கெர்னல் வைஃபையையோ டச்பேடையோ அடையாளம் காணாதபோது மட்டும் இடைக்காலப் பதிப்பை நாடலாம். ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸுக்கு ஏறத்தாழ 13 மாத ஆதரவு உண்டு. அடிக்கடி மேம்படுத்தச் சலிக்காதவர்களுக்கு அது நல்ல தேர்வு.

நிறுவும் முன் பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா, வெளித்திரை எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியைச் சாத்தித் திறந்து, தூக்க நிலையிலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பதையும் அவசியம் பாருங்கள். லினக்ஸ் லேப்டாப்புகளில் அதிகம் தகராறு செய்யும் இடம் அது.

ஏற்கெனவே ஒரு எல்டிஎஸ் வைத்திருப்பவர்கள் அடுத்தது வந்த அன்றே தாவ வேண்டாம். முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே மேம்படுத்தும் அழைப்பைக் கணினி காட்டும். 24.04-க்கு அந்தத் திருத்தப் பதிப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. முந்தைய எல்டிஎஸ்ஸான 22.04-இன் ஆதரவு 2027 வரை இருந்ததால் யாருக்கும் அவசரமும் இருக்கவில்லை. எப்போது மாறினாலும், அதற்கு முன் உங்கள் கோப்புகளை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.