இருதயம் மட்டும் குணமானால் போதுமா?

மாரடைப்பிலிருந்து உயிர்தப்பி வீடு திரும்புகின்ற ஒருவருக்கு எமது சமூகம் வழங்குகின்ற முதலாவது அறிவுரை, "ஓரிடத்தில் பேசாமல் இருங்கள்" என்பதாகும். அக்கறையின் நிமித்தம் கூறப்படும் இவ்வார்த்தை, நோயாளரின் இருதயத்தையும் உள்ளத்தையும் ஒருசேரப் பலவீனப்படுத்தக்கூடியது என்பதைப் பலரும் உணர்வதில்லை.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மாரடைப்பு நோயாளரை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருப்பதே மருத்துவ வழக்கமாக இருந்தது. 1952 இல் சாமுவேல் லெவின், பேர்னாட் லோன் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், நோயாளரை விரைவிலேயே நாற்காலியில் அமரச் செய்து அவ்வழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தினர். 1955 இல் மாரடைப்புக்கு ஆளான அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், நடமாட்டத்தை ஊக்குவித்த மருத்துவர் போல் டட்லி வைற்றின் கண்காணிப்பில் தேறி, மறு ஆண்டே மீண்டும் ஜனாதிபதியாகத் தெரிவானார். மருத்துவம் கைவிட்டுவிட்ட அப்பழக்கத்தை எமது வீடுகள் இன்னமும் கைவிடவில்லை.

மாரடைப்பின் பின்னர் மனச்சோர்வுக்கு ஆளாவோர், ஏனையோரைவிட விரைவில் மரணிக்கும் அபாயம் அதிகம் என்பதைக் கனடாவின் மொன்றியலில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 1993 இல் வெளிப்படுத்தியது. கேரளத்தில் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப்பின் தலைமையில் 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு, புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம் ஆகியவற்றின் வரிசையில் மன அழுத்தத்தையும் மாரடைப்புக்கான பிரதான காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. தெற்காசியர்கள் ஏனையோரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே மாரடைப்புக்கு ஆளாகின்றனர் என்பதும் அவ்வாய்வின் தரவுகளிலிருந்து பின்னர் தெரியவந்தது.

இதன் பொறிமுறை எளிதில் விளங்கக்கூடியது. சோர்வுற்ற மனம் மருந்தை மறக்கின்றது, உறக்கத்தை இழக்கின்றது, விட்டொழித்த புகைத்தலை மீண்டும் நாடுகின்றது. நடக்கும்போது இயல்பாக ஏற்படும் படபடப்பைக்கூட மற்றொரு மாரடைப்பென எண்ணி அஞ்சுகின்றது. அச்சத்தால் நடை குறைகின்றது. நடை குறைய உடல் தளர்கின்றது. தளர்ந்த உடலுக்குச் சிறு அசைவிலேயே மூச்சு வாங்குகின்றது. அச்சம் மேலும் வளர்கின்றது.

இச்சுழலை உடைக்கவல்லது உடற்பயிற்சியாகும். இருதய நோயுடன் மனச்சோர்வும் கொண்டவர்களிடம் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2012 இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாத கால மேற்பார்வையுடனான பயிற்சி, மனச்சோர்வு மாத்திரையைப் போன்றே பயனளித்தது. எனினும், மருந்தைத் தாமாகவே நிறுத்துவதற்கு இதனை எவரும் காரணமாகக் கொள்ளலாகாது.

காங்கேசன்துறைக்கு இவ்விடயம் தனித்த முக்கியத்துவம் உடையது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் தமது நிலத்தையும் கடலையும் இழந்து வெளியேறினர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தோட்டமும் கடற்றொழிலும் பறிபோனபோது, அவற்றோடு கூடிய அன்றாட உடலுழைப்பும் பறிபோனது. உள்ளத்தில் இழப்பு குடிகொண்டது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டுவந்த காலத்தில், திரும்பியோர் பலர் முதுமையை எட்டியிருந்தனர். எரிபொருள் தடை நிலவிய 1990களில் துவிச்சக்கர வண்டியே எமது வாகனமாக இருந்தது. இன்று அருகிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றோம்.

வைத்தியரின் ஆலோசனையுடன், சமதரையில் ஐந்து, பத்து நிமிட நடையுடன் ஆரம்பித்துப் படிப்படியாக வாரத்துக்கு 150 நிமிடங்களை எட்டுவது பெரும்பாலானோருக்கு இயலக்கூடியதே. நடக்கும்போது பேச முடிய வேண்டும். அதுவே சரியான வேகம். நெஞ்சுவலி, தலைச்சுற்று, மிகையான மூச்சுத்திணறல் தோன்றின் உடனே நிறுத்த வேண்டும். வலி தணியாவிடின் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். நோன்பு நோற்க விரும்பும் நோயாளர், மருந்து வேளைகளையும் நடை நேரத்தையும் றமழானுக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிவது அவசியம். பெண்களும் தயக்கமின்றி நடப்பதற்குப் பாதுகாப்பான, வெளிச்சமுள்ள பாதைகளை அமைப்பது உள்ளூராட்சி சபைகளின் கடமையாகும்.

இருதய சிகிச்சை நிலையங்களில் குருதியமுக்கத்தை அளக்கும்போதே, "மனம் எப்படி இருக்கின்றது? வழமையான காரியங்களில் நாட்டம் உள்ளதா?" என்ற இரு கேள்விகளையும் கேட்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் உண்டு. இவற்றை நாடுவது பலவீனமோ, ஈமான் குறைவோ, அவமானமோ அல்ல.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் "அப்பா, மருந்து எடுத்தீர்களா?" என்று விசாரிக்கும் பிள்ளைகள், "இன்று நடந்தீர்களா? யாருடன் பேசினீர்கள்?" என்றும் கேட்கட்டும். உயிரைக் காப்பாற்றிய மருத்துவத்தின் பயனை, வாழ்வைத் திருப்பித் தருவதன் மூலமே சமூகம் நிறைவு செய்ய முடியும் என நாம் கருதுகின்றோம்.