வயிற்றுவலி ஏன் இடம் மாறுகிறது?
குடல்வால் அழற்சி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றிய மந்தமான வலியாகத்தான் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் அது அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கிக் கூர்மையாகிறது. குடலின் நரம்புகளுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலின் செய்தியும் தொப்புள் பகுதித் தோலின் செய்தியும் தண்டுவடத்தின் ஒரே மட்டத்தில் சேர்வதால், மூளை தொப்புளில் வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது. அழற்சி வயிற்றறையின் உட்சுவர்ச் சவ்வுக்குப் பரவியதும், அங்குள்ள நரம்புகள் சரியான இடத்தைக் காட்டிவிடுகின்றன. 1889இல் அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி குறித்துக் காட்டியது அந்த இடத்தைத்தான். ஆகவே வலியின் அளவைப் போலவே அது போகும் வழியும் முக்கியம்.

ஓமத்தண்ணீர் குடித்தால் அடங்கும் வலிக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, வாயுவலி பெரும்பாலும் விட்டுவிட்டு வந்து தணிந்துவிடும். ஆனால் குடல்வால் வெடித்த பிறகும் வலி சற்று நேரம் குறைவதுண்டு. சீழ் உள்ளே பரவும் நேரம் அது. முதியவர்களுக்கோ கடும் நோயிலும் வலி லேசாகவே இருக்கலாம். எனவே விடாமல் ஏறும் வலி, காய்ச்சல், கல்போல் இறுகிய வயிறு, ரத்த வாந்தி, கறுத்த மலம், கர்ப்பிணிக்கு வரும் கடும் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. மேல்வயிற்று வலியோடு வியர்த்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். புதுச்சேரியை அடுத்த திருவாண்டார்கோயில்காரர்களுக்கு மதகடிப்பட்டு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.