நீராவிக்கும் ஒரு மதகு

பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசையில் வாழ்வோருக்குச் செம்பரம்பாக்கம் ஏரி புதியதன்று. 24 அடி முழு ஆழம் கொண்ட அந்த ஏரியின் மதகுக் கதவைச் சற்றே உயர்த்தினால் சிறிதளவு நீர் வெளியேறும். மேலும் உயர்த்தினால் நீரும் மிகும். அனல்மின் நிலையத்தில் நீராவிக்கும் இத்தகைய மதகு ஒன்று உண்டு. அதுவே வால்வு.

திருமழிசைத் தொழிற்பேட்டையின் இயந்திரங்கள் மின்தொகுப்பிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அத்தொகுப்புக்கு மின்சாரம் அளிப்பவற்றுள் வடசென்னை அனல்மின் நிலையமும் ஒன்று. அதன் முதல் கட்டத்தில், தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் 1990-களில் அமைக்கப்பட்டன. இத்தகைய நிலையத்தில் கொதிகலனுக்கும் சுழலிக்கும் இடையே வால்வு நிற்கிறது. மின்தேவை குறையும்போது அதனைச் சிறிது மூடினால் போதுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். போதும்தான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை முன்கூட்டியே அறிய, பொறியாளர்கள் நிலையம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

வால்வின் மூன்று சமன்பாடுகள்

நிலையம் ஒரே சீராக ஓடுவதாகக் கொள்வோம். அப்போது வால்வுக்கு மூன்று சமன்பாடுகளே போதும். முதலாவது, உள்ளே நுழையும் நீராவி முழுவதும் வெளியேறுகிறது. இரண்டாவது, வால்வு எந்த வேலையும் செய்வதில்லை. வெப்பமும் அனேகமாக வெளியேறுவதில்லை. ஆகவே நீராவியின் ‘என்தால்பி’, அதாவது பாயும்போது அது சுமந்து செல்லும் மொத்த ஆற்றல், மாறுவதில்லை. மூன்றாவது, பாயும் அளவை வால்வின் திறப்பு, இருபுற அழுத்தங்கள், நீராவியின் அடர்த்தி ஆகியவற்றோடு இணைப்பது.

இந்த மூன்றாவதில் ஒரு விந்தை உண்டு. மதகிலிருந்து நீர் தடையின்றிக் கீழே விழும்போது, கீழ்க்கால்வாயின் மட்டம் இன்னும் தாழ்ந்தாலும் பாய்வு கூடாது அல்லவா? நீராவியும் அப்படியே. வெளிப்புற அழுத்தம் உட்புற அழுத்தத்தில் ஏறத்தாழ பாதிக்கும் கீழே போனால், குறுகிய வழியில் நீராவி ஒலியின் வேகத்தை எட்டிவிடும். அதன்பின் வெளியழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பாய்வு கூடாது. கணிப்பு நிரல் இதனை மறந்தால், இயற்கையில் நடக்காத பாய்வைக் காட்டிவிடும்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. திறப்பைக் கொடுத்தால் வெளியழுத்தத்தைக் கணக்கிடலாம். வெளியழுத்தத்தைக் கொடுத்தால் திறப்பைக் கணக்கிடலாம். பாய்வு, திறப்பு, இருபுற அழுத்தங்கள் எல்லாவற்றையும் நாமே நிர்ணயித்துவிட்டால் சமன்பாடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நிற்கும்.

விலை என்ன?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கொதிகலன் 150 பார் அழுத்தத்திலும் 540 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் நீராவி தருகிறது. (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்.) சுழலியின் நுழைவாயில் அழுத்தம், அதில் பாயும் நீராவியின் அளவுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். எனவே பாய்வை மூன்றில் இரண்டு பங்காக்கினால் சுழலிக்கு 100 பார் அழுத்தமே வேண்டும். மீதி 50 பாரையும் வால்வு விழுங்கியாக வேண்டும்.

என்தால்பி மாறாமலே வெப்பநிலை சுமார் 520 பாகைக்கு இறங்குகிறது. ஆற்றல் எங்கும் போகவில்லை; ஆனால் அதன் வேலை செய்யும் திறன் குறைந்துவிட்டது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி கணக்கிட்டால், ஒரு கிலோகிராம் நீராவிக்கு இழப்பு சுமார் 50 கிலோஜூல். வினாடிக்கு 100 கிலோகிராம் பாய்ந்தால் அது 5 மெகாவாட்டுக்குச் சமம்! வால்வில் கசிவில்லை, பழுதில்லை. எனினும் அத்தனை திறனுக்கும் நிலக்கரி எரிந்திருக்கிறது.

வழி உண்டா?

உண்டு. வால்வை முழுதும் திறந்து வைத்து, கொதிகலனின் அழுத்தத்தையே 100 பாருக்கு இறக்கிவிடலாம். இழப்பு பெரிதும் மறையும். நீரேற்றும் பம்பின் உழைப்பும் குறையும். ஆனால் மின்தேவை திடீரென உயர்ந்தால் கொதிகலன் அழுத்தத்தை மீண்டும் ஏற்ற நேரமாகும். வால்வோ நொடியில் திறக்கும். எனவே இரண்டையும் கலந்து கையாள்வதும் உண்டு. எத்தனை நேரமாகும் என்பதை நிலைத்த நிலைக் கணக்கு சொல்லாது. அதற்குக் காலத்தோடு மாறும் வேறு கணக்கு வேண்டும்.

இந்த ஆராய்ச்சி இன்று ஏட்டோடு நிற்பதன்று. பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல்மின் அலகுகள் தணிந்து ஓட வேண்டியுள்ளது. தம் திறனில் 40 விழுக்காடு வரை இறங்கி ஓடும் ஆற்றலை அவை படிப்படியாகப் பெற வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்வாறு தணிந்து ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு நிலக்கரி வீணாகும், எவ்வளவு மிஞ்சும் என்பதை, மூன்றே சமன்பாடுகள் கொண்ட இந்த நீராவி மதகும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.